டை கட்டிக்கொண்டு படகுத்துறையில் இரண்டரை மணி நேரம்

ஜூலை 26, மாலத்தீவில் விடுமுறை நாள். மதியம் 3 மணிக்கு வைபரில் ஒரு அழைப்பிதழ் வந்து விழுந்தது. முழுக்க இந்த ஊர் மொழியான திவேஹி, வலமிருந்து இடமாக. எனக்குப் புரிந்தது 16:00 என்ற எண் மட்டும்தான். பக்கத்து வீட்டு எட்டாம் வகுப்புப் பையனைப் பிடித்துப் படிக்கச் சொன்னேன். "மாலேயிலிருந்து பெரிய ஆள் வர்றார். போய்த்தான் ஆகணும் சார், டை கட்டணும்" என்றான்.

1965-இல் மாலத்தீவுக்காரர்கள் சுதந்திரம் வாங்கிய நாள். கொண்டாடட்டும், நானும் கைதட்டுகிறேன். அதை முந்தைய நாளே சொன்னால் என்ன குறைந்துவிடும்? வாரக்கணக்காகப் பந்தல் போடுகிறார்கள், ஓலைத் தோரணம் பின்னுகிறார்கள், வெளிநாட்டவர்களான எங்களுக்குச் சொல்ல மட்டும் ஒரு மணி நேரம்!

மாலத்தீவு என்றதும் ஊரில் எல்லோருக்கும் தண்ணீர் மேல் கட்டிய ரிசார்ட்தான் ஞாபகம் வருகிறது. 1,200 சொச்சம் தீவுகளில் ஜனங்கள் வாழ்வது 200-க்கும் குறைவு. அதில் ஒன்றில், பத்து நிமிடத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துவிடக்கூடிய தீவில், நான் கணக்கு வாத்தியார்.

ஊரில் என்றால் மொய்யை யாரிடமாவது கொடுத்தனுப்பிவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். மாமனார் வந்திருக்கிறார் என்று புளுகலாம். இங்கே படகிலிருந்து யார் இறங்கினாலும் தீவுக்கே தெரியும், எந்த மாமனாரைக் காட்டுவேன்? ஒருமுறை காய்ச்சல் என்று சொல்லிப் பார்த்தேன். கேரளத்து நர்ஸ் தெர்மாமீட்டரோடு வாசலில் வந்து நின்றார். பார்த்துவிட்டு, அப்படியே விழாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

சரி, கிளம்பினேன். படகுத்துறையில் வரிசை கட்டி நிற்க வைத்தார்கள். தென்மேற்குப் பருவக்காற்று நேரத்தில் ஸ்பீட்போட் சொன்ன நேரத்துக்கு வராது என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். 4 மணிக்கு நின்றோம், 6:30-க்கு வந்தார் பெரிய ஆள். வரவேற்க இளநீரோடு நின்ற பிள்ளைகளுக்குக் கை நடுங்கியது. ஷூவுக்குள் மணல், கழுத்தில் டை, முதுகில் ஆறாக வியர்வை. அவர் எங்களுக்குக் கை கொடுத்தபோது முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, கேமராவைத்தான் பார்த்தார்.

அப்புறம் சிற்றுண்டி. நான் சைவம். பஜியா என்றார்கள், நம்ம பஜ்ஜிக்கு உறவு போலிருக்கிறது என்று முதல் வருடம் ஆசையாகக் கடித்தேன். உள்ளே சூரை மீன். குல்ஹா உருண்டையிலும் அதுவே, கார கேக்கிலும் அதுவே. மூன்று வருடமாகக் கருப்புத் தேநீரை மட்டும் குடித்துவிட்டுச் சிரிக்கிறேன். "ஏன் சாப்பிடவில்லை, எங்கள் சாப்பாடு பிடிக்காதா?" என்று ஒவ்வொரு முறையும் அதே ஆள்தான் கேட்கிறார்.

எங்கள் வெளிநாட்டுக் கூட்டமாவது ஆறுதலா? மொத்தம் ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் கேஸ் சிலிண்டர் தகராறில் பேசிக்கொள்வதில்லை, ஆகவே வெள்ளிக்கிழமை விருந்து இரண்டு வீட்டில். இரண்டுக்கும் நான் போக வேண்டும், இரண்டிலும் அதே சாம்பார், அதே புகார். விழா என்றால் இன்னும் மோசம். டாக்டருக்கு முதல் வரிசையில் சோபா, எங்களுக்கு மூன்றாவது வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி. சோபா கிடைக்கவில்லை என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் ஆட்களும் எங்களில் உண்டு.

அந்தப் பந்தலைப் போட்டு, அந்த சோபாவைச் சுமந்துகொண்டு வந்த வங்கதேசத்துத் தம்பிகளுக்கு மூன்றாவது வரிசையும் இல்லை, முப்பதாவது வரிசையும் இல்லை. அவர்களும் வெளிநாட்டவர்தான். வர மாட்டேன் என்று துடிக்கிற எனக்கு அழைப்பு, மதில் மேல் எக்கி நின்று பொடுபெரு மேளத்தைப் பார்க்கிறவர்களுக்குக் கிடையாது. பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

மேளம் ஓய்ந்து, நாற்காலிகளை அடுக்க வேண்டி வந்தபோதுதான் அவர்களைக் கூப்பிட்டார்கள். வைபரில் இல்லை, கையைத் தட்டி.