இனாகுலேட்டுக்கு எத்தனை 'என்'?

தடுப்பூசி போடுறதுக்கு இங்கிலீஷ்ல இருக்குற இனாகுலேட் (inoculate), வேக்சினேட் (vaccinate) ரெண்டையும் இப்ப ஒரே அர்த்தத்துலதான் புழங்குறாங்க, அதுல சண்டை போட ஒண்ணுமில்ல. ஆனா எனக்கு இனாகுலேட் மேல தனிப் பிரியம், ஏன்னா அது ஆஸ்பத்திரியில பொறந்த வார்த்தையே இல்ல.

லத்தீன்ல ஓகுலுஸ்னா கண்ணு, செடியோட மொட்டுக்கும் அதே பேருதான். ரோஜாவுக்கு மொட்டு ஒட்டு கட்டுவாங்கல்ல, ஒரு செடியோட மொட்டைச் சீவி எடுத்து இன்னொண்ணோட பட்டையைக் கீறி உள்ள சொருகி இறுக்கிக் கட்டுறது, அதுக்குத்தான் ரோமாக்காரங்க இனோகுலாரேன்னு சொன்னாங்க. இங்கிலீஷுக்கு 15ஆம் நூற்றாண்டுல வந்தப்பவும் இது தோட்டத்து வேலைதான். கான்ஸ்டான்டிநோபிள்ல (இன்னைக்கு இஸ்தான்புல்) இருந்த டிமோனிங்கிற டாக்டர், அங்க பெரியம்மைக்கு முன்னெச்சரிக்கையா பண்ற வைத்தியத்தைப் பத்தி எழுதின கடிதம் 1714ல லண்டன் ராயல் சொசைட்டிங்கிற அறிவியல் சங்கத்துல வெளியாச்சு. தோலைக் கீறி, அம்மை கண்டவங்க கொப்புளத்துச் சீழை வைக்கிறது. 1721ல மேரி வோர்ட்லி மாண்டேகுங்கிற சீமாட்டி லண்டன்லயே தன் பொண்ணுக்கு இதைப் பண்ண வச்சாங்க. கீறு, உள்ள வை, புடிக்குதான்னு பாரு, தோட்டக்காரன் பண்றது அப்படியே இல்லையா? அதான் அவன் வார்த்தையும் ஒட்டிக்கிச்சு.

வேக்சினேட் கதை வேற. லத்தீன் வக்கா, அதாவது பசு. ஜென்னர்ங்கிற இங்கிலீஷ் டாக்டர் 1796ல மாட்டம்மைச் சீழை வச்சாரு, அதுல இருந்து வந்த பேரு. 1840ல பிரிட்டன்ல மனுஷனோட அம்மைச் சீழை வைக்கிற பழைய முறையைச் சட்டம் போட்டே தடை பண்ணிட்டாங்க. 1881ல பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்டர், ஜென்னருக்கு மரியாதையா எல்லா தடுப்பூசிக்கும் இந்தப் பேரையே வைக்கலாம்னாரு, அதனாலதான் மாட்டுக்கே சம்பந்தமில்லாத ஊசியிலயும் இன்னைக்கு மாடு நிக்குது. செய்ற வேலையைச் சொல்ற பேருங்கிறதால என் ஓட்டு இனாகுலேட்டுக்குத்தான்.

ஒரே எரிச்சல் ஸ்பெல்லிங். ஆரம்பத்துல ஒரே ஒரு 'என்'தான், ஆனா நல்லா படிச்சவங்களே ரெண்டு 'என்' போடுறாங்க. தீங்கில்லாததுன்னு அர்த்தம் வர்ற இன்னாக்குவஸ்ல (innocuous) இருக்குறதுதான் ரெண்டு, அது தீங்குங்கிற வேர்ல இருந்து வந்தது, கண்ணுக்கும் அதுக்கும் ஒட்டு உறவே கிடையாது. அதோட அந்தக் காலத்து இனாகுலேஷன் தீங்கில்லாததாவா இருந்துச்சு? 1721ல அமெரிக்காவுல பாஸ்டன்ல, ஆப்பிரிக்காவுல இருந்து அடிமையா கொண்டுவந்த ஒனேசிமஸ் சொன்ன வழியைக் கேட்டு பாய்ல்ஸ்டன் டாக்டர் இதைப் பண்ணாரு. தானா அம்மை வந்தவங்கள்ல ஏறக்குறைய ஏழுல ஒருத்தர் செத்துப் போனாங்க, கீறிக்கிட்டவங்கள்ல நாப்பதுல ஒருத்தர். அப்படியும் ஜனங்க கையை நீட்டினாங்க.