நாய் தின்னும் அசிங்கமும் நாம் போடும் சாப்பாடும்

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் என்று தொடங்கும் பழமொழியின் பின்பாதியை இங்கே யாரும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. நாய் வளர்ப்பவர்கள் வாய்விட்டுச் சொல்லக் கூசும் விஷயமும் அதுதான். தடுப்பூசி, முடி கொட்டுவது, ஓயாத குரைப்பு என்று மற்ற எல்லாவற்றையும் நான்கு பேர் நடுவில் கேட்பவர்கள், இதை மட்டும் தனியாக வந்து குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். "எங்கள் நாய் மலம் தின்கிறது. என்ன குறை வைத்தோம் என்று தெரியவில்லை." அதற்குள் பலர் நாயை அடித்திருப்பார்கள். சிலர் அதன் மூக்கைப் பிடித்து அந்த மலத்திலேயே தேய்த்திருப்பார்கள். வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்று யோசிப்பவர்களும் உண்டு.

எனக்கு இதில் மனம் கொதிக்கிறது. தன் இயல்புப்படி நடந்துகொண்டதற்காக ஒரு பிராணி அடி வாங்குகிறது. அதே வீட்டில், அதற்கு உண்மையிலேயே கேடு செய்யும் பண்டம் செல்லமாக ஊட்டப்படுகிறது. நாயின் சாப்பாட்டு விஷயத்தில் நாம் எடுக்கும் முடிவுகளில் பாதி நம் அருவருப்பிலிருந்து வருகின்றன, மீதி நம் பாசத்திலிருந்து வருகின்றன. நாயின் உடம்பைப் பார்த்து எடுக்கும் முடிவுகள் மிகக் குறைவு.

முதலில் மலத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். உங்கள் நாய் ஏதோ விசித்திரப் பிறவி என்று நினைக்காதீர்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கால்நடை மருத்துவப் பேராசிரியராக இருந்த பெஞ்சமின் ஹார்ட்டும் அவருடைய குழுவினரும் நாய் வளர்ப்பவர்களிடம் பெரிய அளவில் விசாரித்து, 2018-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அதன்படி 16 சதவீத நாய்கள் வழக்கமாகவே மலம் தின்பவை. குறைந்தது ஆறு முறையாவது மலம் தின்பதை வீட்டார் கண்ணால் கண்ட நாய்களைத்தான் இந்தக் கணக்கில் சேர்த்தார்கள். ஆறு நாய்களுக்கு ஒன்று என்றால், நீங்கள் காலையில் நடைக்கு அழைத்துப்போகும்போது எதிரே வரும் நாய்களிலும் அப்படி ஒன்றாவது இருக்கும். அதன் வீட்டாரும் உங்களைப் போலவே வெளியே சொல்லாமல் இருக்கிறார்கள்.

அந்த ஆய்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. இந்த நாய்கள் பெரும்பாலும் தின்றது புது மலத்தை, அதாவது இரண்டு நாளுக்குள் போட்டதை. பழையதை அவ்வளவாக நாடவில்லை. ஹார்ட் இதற்கு ஒரு விளக்கம் முன்வைக்கிறார். ஓநாய்கள் பொதுவாக இருப்பிடத்தை விட்டுத் தள்ளிப் போய்த்தான் மலம் கழிக்கும். நோயுற்றதோ முடியாததோ ஒன்று குகை வாசலிலேயே கழித்துவிட்டால், அதிலுள்ள குடற்புழு முட்டைகள் உடனே தொற்றாது. அவை புழுவாகி உடம்பில் ஏறும் பக்குவத்துக்கு வர இரண்டு நாட்களாவது ஆகும். அதற்குள் தின்று தீர்த்துவிட்டால் குகை சுத்தமாகிவிடும், குட்டிகளும் தப்பிக்கும். இது ஓர் ஊகம்தான், நிரூபிக்கப்பட்ட முடிவு அல்ல. ஆனாலும் நாம் அசுத்தம் என்று முகம் சுளிப்பது, நாயின் முன்னோர்களுக்குச் சுத்தம் செய்யும் வேலையாக இருந்திருக்கலாம் என்ற எண்ணமே பார்வையை மாற்றிவிடுகிறது.

பிள்ளை பெற்ற நாயைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பிறந்து முதல் சில வாரங்கள் குட்டிகளுக்குத் தானாக மலசலம் கழிக்கத் தெரியாது. தாய் அடிவயிற்றையும் பின்புறத்தையும் நக்கிக்கொடுத்தால்தான் வெளியே வரும். வந்ததை அவளே தின்று படுக்கையைச் சுத்தமாக வைத்துக்கொள்வாள். அதைத் தாய்மை என்று மெச்சுகிறோம். கொஞ்சம் வளர்ந்த குட்டி, தாய் செய்ததையே செய்து பார்த்தால் கம்பை எடுக்கிறோம். குட்டிகள் பல, வளர வளர இந்தப் பழக்கத்தைத் தாமாகவே விட்டுவிடும்.

இதைச் சொல்வதால் எல்லாமே இயல்பு, விட்டுவிடுங்கள் என்று பொருளல்ல. இதுவரை இல்லாத பழக்கம் வளர்ந்த நாய்க்குத் திடீரென்று வந்தால் மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். கணையம் செரிமான நொதிகளைப் போதிய அளவு சுரக்காத நோய் ஒன்று உண்டு. ஜெர்மன் ஷெப்பர்டு இனத்தில் இது கூடுதலாக வருகிறது. அந்த நாய் எவ்வளவு தின்றாலும் மெலியும். மலம் வெளிறி, அளவில் மிகுந்து, எண்ணெய்ப் பசையோடு இருக்கும். பசி அடங்கவே அடங்காது. உள்ளே போனது செரிக்காமலே வெளியே வருவதால், அந்த மலத்தில் உண்மையிலேயே உணவு இருக்கிறது. நாய் அதைத் தின்பது பசியால். குடற்புழு, குடல் அழற்சி, நீரிழிவு, ஸ்டீராய்டு மாத்திரை என்று பசியைக் கிளப்பும் காரணங்கள் இன்னும் உண்டு. மண்ணையும் கல்லையும் சுண்ணாம்பையும் தேடித் தின்னும் நாய்க்கு இரத்தசோகை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இத்தனையையும் விட்டுவிட்டு, கெட்ட புத்தி என்று சொல்லி அடித்தால் அந்த நோயாளிப் பிராணி எங்கே போகும்?

அடித்தால், கத்தினால் என்ன நடக்கிறது என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள். நாய் தரையை மோந்துகொண்டு போகிறது. திடீரென்று நடை நின்று, தலை ஒரே இடத்தில் குத்திட்டு, காது பின்னால் மடிகிறது. பின்னாலிருந்து வீட்டுக்காரர் "ஏய்!" என்று அலறிக்கொண்டு ஓடிவருகிறார். அதுவரை மோந்துமட்டும் கொண்டிருந்த நாய், ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தபடியே ஒரே வாயில் கவ்வி, மெல்லாமல் விழுங்கிவிடுகிறது. பறிக்க வருகிறவர் வந்து சேர்வதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது அதன் கணக்கு. சில நாட்கள் இப்படியே போனால் அது மறைவாகப் போய்த் தின்னக் கற்றுக்கொள்ளும், அல்லது மலம் கழித்த மறுகணமே திரும்பித் தன்னுடையதையே தின்று தடயத்தை அழிக்கும். நாம் அடிப்பது மலம் கழித்ததற்கா தின்றதற்கா என்பது அதற்குப் புரிவதில்லை.

கடையில் விற்கும் தடுப்புப் பொடிகளையும் மாத்திரைகளையும் நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள். நான் சொன்ன அதே ஆய்வில் இத்தகைய தயாரிப்புகளின் வெற்றி 2 சதவீதத்தைத் தாண்டவில்லை. மிளகாய்ப் பொடி தூவுவது போன்ற கைவைத்தியங்களும் தோற்றன. அதனால் ஆசையை அழிக்கப் பார்ப்பதை விட்டுவிட்டு வாய்ப்பைக் குறைப்பதுதான் வழி. கழித்ததும் உடனே எடுத்து அப்புறப்படுத்துங்கள். அந்த நேரத்தில் நாய் கயிற்றில் இருக்கட்டும். கழித்து முடித்ததும் உங்களிடம் வந்தால் அதற்குப் பிடித்த தின்பண்டம் கிடைக்கும் என்று பழக்குங்கள். முகம் மலத்திலிருந்து உங்கள் பக்கம் திரும்பிவிடும். வீட்டில் பூனை இருந்தால் அதன் மணல் தட்டு நாய்க்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். பூனைக்குப் புரதம் மிகுந்த தீனி போடுகிறோம், அதன் மலமும் நாய்க்கு வாசனையாகவே இருக்கிறது. அலுப்பான வேலைதான், ஆனால் வேறு குறுக்கு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

குதிரைச் சாணத்தில் மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. குடற்புழுவுக்கு ஐவர்மெக்டின் கொடுத்த குதிரையின் சாணத்தில் மருந்து மிச்சம் இருக்கும். கோலி போன்ற சில மேய்ப்பு இனங்களில் பல நாய்களுக்கு, அந்த மருந்து மூளைக்குள் நுழையாமல் தடுக்கும் மரபணு பழுதாகி இருக்கும். அவற்றுக்கு அந்தச் சாணமே நஞ்சாகிவிடும்.

புல் தின்பதை நோயின் அறிகுறி என்று பதறுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இதே ஹார்ட்டின் குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வில், செடியோ புல்லோ தின்ற நாய்களில் ஒன்பது சதவீதம் போலத்தான் அதற்கு முன் சோர்ந்து காணப்பட்டன; தின்றபின் வாந்தியெடுத்தவை ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. மற்றவை தின்றுவிட்டுத் தம் பாட்டுக்குப் போயின. கக்கியதைத் தானே தின்பதும் இப்படித்தான். தாய் ஓநாய் இரையை விழுங்கிவந்து குட்டிகளுக்குக் கக்கிக்கொடுக்கும். அந்த வம்சத்தில் வந்த பிராணிக்குக் கக்கியது இன்னும் சாப்பாடுதான். அடிக்கடி கக்குகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்.

இப்போது கிண்ணத்துக்கு வருகிறேன். எனக்கு ஆதங்கம் அதிகம் இருப்பது இங்கேதான்.

மலத்தைக் கண்டு அலறுகிற அதே கை, மேசையடியில் உட்கார்ந்து ஏங்கிப் பார்க்கும் நாய்க்கு உலர்திராட்சையை நீட்டுகிறது. திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது, எந்த நாய்க்கு எந்த அளவில் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் நாயின் இதயத்தைத் தாக்கும். வெங்காயமும் பூண்டும் அதன் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சர்க்கரை இல்லாத மிட்டாயிலும் சூயிங்கத்திலும் சேர்க்கும் சைலிட்டால், சிறிதளவு போனாலும் இரத்தச் சர்க்கரையை அதலபாதாளத்துக்குத் தள்ளிவிடும். வேகவைத்த எலும்பு கூராகச் சிதறிக் குடலைக் கிழிக்கும். தெருவில் மலம் தின்றுவிட்டு வந்த ஆரோக்கியமான நாய் பெரும்பாலும் மறுநாளும் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். திராட்சை தின்ற நாயைப் பற்றி அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. நம் அருவருப்பு ஆபத்தை அளக்கும் கருவி அல்ல.

என்ன தீனி போடுவது என்ற சண்டையில் நான் எந்தக் கட்சியும் இல்லை. பச்சை இறைச்சிக்காரர்கள், நாய் என்றால் ஓநாய்தான், அரிசியும் கோதுமையும் அதற்கு அந்நியம் என்கிறார்கள். அது சரியில்லை. மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் மரபணுவின் பிரதிகள் ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு அதிகம் என்று 2013-இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. மனிதனோடு வாழத் தொடங்கிய பிறகு அதன் வயிறும் மாறிவிட்டது. பச்சை இறைச்சியில் சால்மோனெல்லா, லிஸ்டீரியா போன்ற கிருமிகள் இருக்கலாம். நாய்க்கு ஒன்றும் ஆகாமலே அதன் மலத்தில் அவை வெளியேறும். மலத்தை மோந்து, தின்று, பிறகு குழந்தையின் முகத்தை நக்கும் நாய் இருக்கும் வீட்டில் இதை இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

வீட்டில் சமைத்துப் போடுவது நல்லதில்லையா என்று கேட்பார்கள். சரியாகச் சமைத்தால் நல்லதுதான். ஆனால் புத்தகங்களிலும் இணையத்திலும் கிடைத்த 200 சமையல் குறிப்புகளை டேவிஸ் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்து 2013-இல் வெளியிட்ட முடிவுப்படி, 95 சதவீதக் குறிப்புகளில் அத்தியாவசியச் சத்து ஒன்றாவது குறைவாக இருந்தது. வெறும் சோறும் கோழிக்கறியும் போட்டு வளரும் குட்டிக்குக் கால்சியம் கிடைக்காது. இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் சொற்பம். உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவி எடுக்கும்; எலும்பு மெலிந்து, குட்டி துள்ளிக் குதித்தாலே முறியும் நிலை வரும். பாசத்தோடு சமைத்த சாப்பாட்டில் இது நடக்கிறது என்பதுதான் வேதனை. சமைக்க விரும்புபவர்கள் கால்நடை ஊட்டச்சத்து படித்தவரிடம் அளவு எழுதி வாங்கிச் சமையுங்கள்.

பாக்கெட் தீனியிலும் கண்மூடி நம்பிக்கை வேண்டாம். பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் மெலமைன் என்ற வேதிப்பொருள் கலந்த மூலப்பொருளால் 2007-இல் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் பழுதாகிச் செத்ததை நாய் வளர்ப்பவர்கள் மறக்கக் கூடாது. தானியமில்லாத் தீனி என்று பெருமையாக விற்றவை, நாய்களின் இதயத்தசை நோயோடு தொடர்புடையவையா என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018-இல் விசாரிக்கத் தொடங்கியது. காரணம் இன்னும் தீர்மானமாகவில்லை. ஆனால் தானியம் இல்லை என்பதாலேயே ஒரு தீனி உயர்ந்ததாகிவிடாது. அட்டையில் இருக்கும் ஓநாய்ப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கச் சிறு எழுத்தைப் படியுங்கள். இது முழுமையான சமச்சீர் உணவா, எந்த வயதுக்கு என்று எழுதியிருக்கிறதா என்பதைப் பாருங்கள்.

எந்தத் தீனி என்று வருடக்கணக்கில் வாதாடுகிறோம், எவ்வளவு என்று கேட்பதே இல்லை. 48 லாப்ரடார் நாய்களைக் குட்டியிலிருந்து சாகும்வரை கவனித்த ஓர் ஆய்வு 2002-இல் வெளியானது. நாய்களை இரண்டிரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு, மற்றதற்குப் போட்டதைவிட 25 சதவீதம் குறைவாகப் போட்டார்கள். குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டு நோயும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. இரண்டு வருடம் என்பது நாயின் ஆயுளில் எவ்வளவு பெரிய பங்கு!

இன்றே உங்கள் நாயின் மார்புக்கூட்டின் இரு பக்கமும் உள்ளங்கையை வைத்து லேசாக வருடிப் பாருங்கள். அழுத்தாமலே விலா எலும்புகள் ஒவ்வொன்றாக விரலில் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னால் இடுப்பு உள்வாங்கியிருக்க வேண்டும். விரலை அமுக்கித் தேடித்தான் எலும்பைக் கண்டுபிடிக்க முடிகிறது என்றால் சாப்பாடு கூடிவிட்டது. பிஸ்கட், மேசைச் சாப்பாடு எல்லாம் சேர்ந்து ஒரு நாள் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

தீனி ஒத்துக்கொள்கிறதா என்பதை நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகும் அந்த மலமே காட்டிக்கொடுக்கும். கெட்டியாக, எடுத்தால் உருக்குலையாமல், தரையில் அதிகம் ஒட்டாமல் வந்தால் பெரும்பாலும் சரியாகவே போகிறது. கூழாகவோ சளியோடோ இரத்தத்தோடோ வந்தால், கரிபோலக் கருத்திருந்தால், போட்ட தீனிக்குப் பொருந்தாத அளவு குவிந்தால் கவனிக்க வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது அன்று கழித்த மலத்தைச் சிறு டப்பாவில் எடுத்துப்போங்கள். தீனிப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், நாள் முழுக்க யார் யார் என்னென்ன ஊட்டுகிறார்கள் என்று வீட்டில் எல்லோரிடமும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாய் மலம் தின்னும் என்பதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். வேறு பிராணியின் மலத்தைத் தின்ற நாயின் குடல் வழியாக அந்தப் பிராணியின் புழு முட்டைகள் அப்படியே கடந்து வரும். இது தெரியாமல் பரிசோதனை செய்தால், உங்கள் நாய்க்கு இல்லாத நோய்க்கு மருந்து எழுதப்படலாம்.