ஆயிரம் கோடி பூச்சி வாங்கிய ஆக்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை பொதுநோக்கு மண்டபத்தில் மேடை போட்டு, வயிற்றுக்கு நல்லதென்று உயிருள்ள பக்டீரியா (புரோபயோட்டிக், எங்கள் பாஷையில் பூச்சி) பக்கற் விற்றதைத் திரும்ப விளங்கப்படுத்தத் தேவையில்லை. நேரலை பார்த்திருப்பீர்கள். அதன் கீழே, இதை வாங்காதீர்கள், நாருள்ள சாப்பாடும் பழஞ்சோறும் போதும் என்று நான் எழுதிய நாலு வரிக்கு "படிச்ச திமிர்", "அடுத்தவன் உழைச்சா எரிச்சல்" என்று விழுந்த பதில்களையும் பார்த்திருப்பீர்கள். சரி, எரிச்சல்தான். எதற்கென்று எழுதிவிட்டுப் போகிறேன்.

மேடையில் நின்ற ஐயா சொன்னார்: உடம்பில் மனிதக் கலத்தைவிடப் பத்து மடங்கு பக்டீரியா, நிறை இரண்டு கிலோ, அதில் முக்கால்வாசி செத்துப்போச்சு, அதனால்தான் சலரோகம் தொடக்கம் மூட்டுவலி வரை. அந்தப் பத்து மடங்குக் கணக்கு 2016 இலேயே திருத்தப்பட்டுவிட்டது. 70 கிலோ நிறையுள்ள ஓர் ஆணின் உடம்பில் சுமார் 38 இலட்சம் கோடி பக்டீரியா, 30 இலட்சம் கோடி மனிதக் கலம். பக்டீரியாவின் மொத்த நிறை 200 கிராம் அளவில், அநேகமாக எல்லாம் பெருங்குடலில். அவர் விற்ற பக்கற்றில் ஆயிரம் கோடி என்று போட்டிருக்கிறது. கேட்கப் பெரிய தொகைதான். உள்ளே ஏற்கனவே இருப்பதில் 3800 இல் ஒரு பங்கு. அதுவும் உயிரோடு போய்ச் சேர்ந்தால். சூடும் ஈரமும் பட்டால் சாகிற சாமானை மத்தியானம் வரைக்கும் வெயிலில் நின்ற வான் வண்டிக்குள் வைத்திருந்தார்கள். நேரலையிலேயே தெரிகிறது.

நான் சொன்னது ஒன்றே ஒன்று. பூச்சியை வாங்காதீர்கள், இருக்கிற பூச்சிக்குத் தீனி போடுங்கள்.

தீனி என்றால் நார். எங்கள் சிறுகுடலால் செரிக்க முடியாத நார் பெருங்குடலுக்குப் போகும். அங்கே பக்டீரியா அதை நொதிக்கவைத்து அசற்றேற், புரொப்பியனேற், பியூட்டிரேற் என்ற சிறு கொழுப்பமிலங்கள் ஆக்கும். பெருங்குடலின் உட்சுவர்க் கலங்களுக்கு முக்கிய எரிபொருளே இந்த பியூட்டிரேற்தான். நார் போகாவிட்டால் என்ன நடக்கும் என்று எலிகளில் பார்த்திருக்கிறார்கள். தீனி கிடைக்காத பக்டீரியா குடலின் சளிப்படலத்தைத் தின்னத் தொடங்கியது.

வளர்ந்தவருக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 100 கிராம் வெள்ளைச்சோற்றில் அரைக் கிராமும் இல்லை. அதே 100 கிராம் அவித்த கடலையிலோ பயற்றிலோ 7 கிராமுக்கு மேல். குரக்கன் மாவில் 11 கிராம் அளவில். காலையில் குரக்கன் பிட்டு, மத்தியானம் பருப்பும் முருங்கையிலை வறையும், பின்னேரம் ஒரு கோப்பை அவித்த கௌபி, கணக்குச் சரி. எல்லாம் கிளிநொச்சிச் சந்தையில் கிடைக்கிற சாமான். மேடை போட்டு விற்க ஆளில்லை, அவ்வளவுதான்.

ஆனால் நாளைக்கே பெரிய கோப்பையோடு தொடங்காதீர்கள், வயிறு ஊதும். கடலை, பயறு, கௌபியை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவியுங்கள். வாயு உண்டாக்கும் சீனிகளில் ஒரு பகுதி அதோடு போய்விடும். முதல் கிழமை ஒருநாள் விட்டு ஒருநாள் அரைக் கோப்பை, பிறகு கூட்டுங்கள். தண்ணீரும் கூடக் குடிக்க வேண்டும். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் கிளினிக்கில் கேட்காமல் இதைச் செய்யவே வேண்டாம். பருப்பிலும் கீரையிலும் பொற்றாசியம் அதிகம். (வயிறு ஊதினால் அந்த ஐயா "நச்சு வெளியேறுது" என்று இன்னொரு பக்கற் விற்பார்.)

இப்போது பழஞ்சோறு. அதைச் சொன்னதற்குத்தான் அதிகம் சிரித்தீர்கள். பழஞ்சோறு அமிர்தம் என்று தினமும் படம் போடுகிற ஆக்களும் கொஞ்சம் பொறுங்கள். ஆறவைத்த சோற்றில், நார்போலப் பெருங்குடலுக்குப் போகிற செரிக்காத மாப்பொருள் கூடுவது உண்மை. ஓர் ஆய்வில், சுடச்சுட வடித்த 100 கிராம் வெள்ளைச்சோற்றில் 0.64 கிராம், 10 மணித்தியாலம் வெளியில் ஆறியதில் 1.30 கிராம். கூடியது அவ்வளவுதான். கூடவே கடிக்கிற சின்ன வெங்காயத்தில் இருக்கிற இனுலின் என்ற நாரும் நல்ல தீனிதான்.

செய்கிற விதம் பிழைத்தால் அதுவே வருத்தம். பசிலஸ் செரியஸ் என்ற பக்டீரியாவின் வித்து சோறு கொதித்தாலும் சாகாது. றைஸ் குக்கரில் கட்டியாக மூடிக் கிடக்கிற சோறு மெதுவாக ஆறும்போது முளைத்து நஞ்சு விடும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. சாப்பிட்டு ஒன்றிலிருந்து ஆறு மணித்தியாலத்துக்குள் சத்தி. அதனால் சோற்றை உடனே பரத்தி ஆறவிட்டு, மண்சட்டியில் போட்டு, கொதித்தாறிய தண்ணீரை இரண்டு விரல் மேலே நிற்க விடுங்கள். ஒரு கரண்டி புளித்த மோர் சேர்த்தால் புளிப்பு வேகமாக ஏறும், கெட்டது வளர இடம் குறையும். இரவு பத்துக்கு மூடினால் காலை ஏழுக்குள் சாப்பிட வேண்டும், எங்கள் சூட்டுக்கு அதுதான் கணக்கு. நூல்போல இழுபட்டாலோ கெட்ட மணம் வந்தாலோ மாட்டுக்குக்கூட வைக்காதீர்கள். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வேண்டாம்.

"டொக்டரே அன்டிபயோட்டிக்கோட உது எழுதித் தாறார்" என்றார் ஓர் அண்ணை. நியாயமான கேள்வி. குறைமாதக் குழந்தைகளின் குடல் வருத்தத்தைத் தடுக்கவும், அன்டிபயோட்டிக்கால் வரும் சிலவகை வயிற்றோட்டத்தைத் தடுக்கவும், குறிப்பிட்ட பக்டீரியா இனங்களுக்குச் சான்று இருக்கிறது. வைத்தியர் பார்த்துத் தருகிறார், குடியுங்கள். ஆனால் 2018 இல் வந்த ஓர் ஆய்வில், அன்டிபயோட்டிக் முடித்தபின் பதினொரு இனக் கலவை குடித்தவர்களின் குடல், ஒன்றும் குடிக்காதவர்களுடையதைவிடப் பிந்தித்தான் பழைய நிலைக்குத் திரும்பியது. "எனக்குச் சுகமாச்சே" என்ற தங்கச்சிக்கு: அநேக வயிற்றோட்டம் தானாகவே நிற்கும்.

பிள்ளைக்கு வயிற்றாலை போனால் ஜீவனி (நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கிற உப்புப் பக்கற்), பக்கற்றில் எழுதிய அளவு தண்ணீரில், கூட்டாமல் குறைக்காமல். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம் நாகம் (சிங்க்), 10 முதல் 14 நாள். தாய்ப்பாலை நிற்பாட்டாதீர்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு தாய் இது எதுவும் தெரியாமல், பார்மசியில் சீட்டு இல்லாமல் கொடுத்த அன்டிபயோட்டிக்கை இரண்டு நாள் பருக்கி நிற்பாட்டிவிட்டு, குழுக்கடன் கட்ட வைத்திருந்த காசில் ஞாயிறு இரண்டு பெட்டி வாங்கியிருக்கிறா. கிழமைக்குக் கிழமை கடன் அறவிட ஆள் வருகிற வீடு அது. இதைக் கேட்டபின் எனக்கு எரிச்சல் வரக்கூடாதா?

"வெளிநாட்டில எல்லாரும் குடிக்கினம்" என்பது அடுத்தது. வெளிநாட்டைப் பற்றியே கேளுங்கள். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அமெரிக்கா போன மொங், கரேன் மக்களில் பார்த்தார்கள். போய்ச் சில மாதங்களிலேயே ஊர்ப் பக்டீரியா குறையத் தொடங்கி, அங்கே பிறந்த பிள்ளைகளில் இன்னும் குறைந்திருந்தது. அவர்கள் இழந்தது உங்கள் வயிற்றில் இன்னும் மிச்சம் இருக்கலாம். பாணும் சோடாவும் நூடில்ஸும் கொடுத்து அதைக் கலைத்துவிட்டு, பக்கற்றில் திருப்பி வாங்கப் போகிறீர்கள்.

மே மாதம் முள்ளிவாய்க்கால் நினைவாகச் சந்திக்குச் சந்தி சிரட்டையில் கஞ்சி வாங்கிக் கண்கலங்குகிற சனம், மேடையில் ஒருவர் "பழஞ்சோறு பிச்சைக்காரச் சாப்பாடு" என்றதும் கைதட்டியதை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. என்னைத் திட்டியது பரவாயில்லை.

வாற ஞாயிறும் கூட்டமாம். போகிறவர்கள் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பக்டீரியாவின் முழுப்பெயரும் இன எண்ணும் இருக்கிறதா, காலாவதித் திகதியன்று எத்தனை உயிரோடு இருக்கும் என்று எழுதியிருக்கிறதா, எந்த வெப்பநிலையில் வைக்கச் சொல்லியிருக்கிறது? இல்லையென்றால் அந்த ஐயாவிடமே கேளுங்கள், நேரலை ஓடும்போது.