பைடன் கொடுத்த பதக்கத்தை மெஸ்ஸி உதறினாரா?

"மெஸ்ஸி டிரம்ப் ஆள், அதனால்தான் பைடன் அறிவித்த அதிபரின் சுதந்திரப் பதக்கத்தை (அமெரிக்காவின் மிக உயர்ந்த குடிமக்கள் விருது) உதறித் தள்ளினார்" என்று கால்பந்து ரசிகர்களிடையே ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. 2025 ஜனவரி 4 அன்று வெள்ளை மாளிகையில் நடந்த விழாவுக்கு அவர் போகவில்லை, அவ்வளவுதான். முன்பே ஒப்புக்கொண்ட வேலைகள் இருப்பதாகவும், விருது தனக்குப் பெரிய கௌரவம் என்றும் கடிதம் அனுப்பியிருந்தார். உதறுகிறவர் அப்படியா எழுதுவார்?

அதே செய்தியின் வாலில், "பிஎஸ்ஜியிடம் (அவர் ஆடிய பாரிஸ் கிளப்) கோடிகளைக் கொட்டி அமெரிக்கக் கிளப் இன்டர் மயாமி அவரை வாங்கியது" என்று வேறு. 2023 ஜூன் 30-ல் பிஎஸ்ஜி ஒப்பந்தம் முடிந்துவிட்டது. அதனால் ஜூலையில் அவர் மயாமியில் சேர்ந்தபோது பழைய கிளப்புக்கு மாற்றுத்தொகையாக ஒரு யூரோகூடப் போகவில்லை. கோடிகள் போனது மெஸ்ஸியின் பைக்கு.