லைசென்ஸ் இல்லாத போக்குவரத்து அமைச்சர்

1965 டிசம்பரில் பிரிட்டன் பிரதமர் ஹரால்ட் வில்சன், பார்பரா காசிலைப் போக்குவரத்து அமைச்சராக்கினார். அந்த அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. லைசென்ஸும் கிடையாது. சும்மா விடுவார்களா? வண்டி ஓட்டத் தெரியாத பெண்ணுக்குச் சாலையைப் பற்றி என்ன தெரியும் என்று ஒரே கேலி.

எனக்கென்னவோ அதுதான் அவருடைய பெரிய தகுதியாகப் படுகிறது. வண்டி ஓட்டுகிறவர்களின் கோபத்துக்குப் பயந்து மற்றவர்கள் தள்ளிப்போட்டதை அவர் செய்து முடித்தார்.

1966இல் பிரிட்டன் சாலைகளில் செத்தவர்கள் ஏறக்குறைய 8,000 பேர். 1967 அக்டோபர் 9 முதல், குடித்திருப்பதாகச் சந்தேகப்பட்டுப் போலீஸ் நிறுத்தினால் ஊதித்தான் ஆக வேண்டும். கண்ணாடிக் குழாய் ஒன்று, அதன் முனையில் ஒரு பை. பை நிரம்ப ஊதினால் குழாயில் உள்ள மஞ்சள் படிகங்கள் பச்சையாக மாறும். குழாயில் போட்டிருக்கும் கோட்டைப் பச்சை நிறம் தாண்டினால் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதுதான். 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹால், அவ்வளவுதான் வரம்பு. நிதானமாகத்தான் ஓட்டினேன் என்று கோர்ட்டில் வாதாடித் தப்பிக்க முடியாது. மதுக்கடைக்காரர்கள் கொதித்தார்கள், அவருக்கு மிரட்டல் கடிதங்கள் வந்தன. முதல் பன்னிரண்டு மாதங்களில் சாலைச் சாவு ஆயிரத்துக்கும் மேல் குறைந்தது.

காசில் என்றால் எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். நான் சொல்வது ரயில். 1963இல் ரயில்வே தலைவர் பீச்சிங்கின் அறிக்கை, நஷ்டத்தில் ஓடும் பாதைகளை மூடச் சொன்னது. காசிலும் நிறைய மூடினார், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கார்ன்வாலில் லிஸ்கர்டிலிருந்து கடற்கரை ஊரான லூவுக்குப் போகும் சின்ன ரயிலை, மூடுவதற்குச் சில நாள் இருக்கும்போது 1966இல் காப்பாற்றினார். அங்கே சாலை குறுகல், ஏற்ற இறக்கம். ரயிலை நிறுத்தினால் அந்தக் கூட்டம் முழுக்க அந்தச் சாலையில்தான் வந்து விழும். அந்த ரயில் இன்றும் ஓடுகிறது. இதையே பொது விதியாக்கியது 1968 போக்குவரத்துச் சட்டம்: லாபம் இல்லாவிட்டாலும் மக்களுக்குத் தேவையான பாதைக்கு அரசு பணம் கொடுக்கலாம். மசோதா அவருடையது. அது சட்டமானபோது அவர் வேறு துறைக்குப் போயிருந்தார்.

சறுக்கலும் உண்டு. 1966 ஜனவரியில் ஹல் நார்த் இடைத்தேர்தலில் ஓட்டுக்காக, ஹம்பர் ஆற்று முகத்துவாரத்தின் மேல் ஒரு பாலத்தை வாக்குறுதியாகக் கொடுத்தார். அவருடைய தொழிற்கட்சி ஜெயித்தது. பாலம் திறந்தது 1981இல். அதன் கடன் பல காலம் இழுத்தது. தேர்தல் நேரத்துப் பாலம் எங்கேயும் இப்படித்தான் போலிருக்கிறது!

அப்புறம் தொழிலாளர் துறை. டாகன்ஹாம் ஃபோர்டு ஆலையில் கார் இருக்கை உறை தைத்த பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். 1970இல் சம ஊதியச் சட்டம் வந்தது. தொழிற்சங்கங்களுக்குக் கடிவாளம் போடப் பார்த்ததில் மட்டும் சொந்தக் கட்சியே எதிர்த்து அவர் திட்டத்தைக் கவிழ்த்துவிட்டது. பிரதமர் பதவிக்கு அவர் பெயர் அடிபடாமல் போனதற்கு அதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

1976இல் ஜேம்ஸ் கலகன் பிரதமரானதும், அமைச்சரவையில் இளையவர்கள் வேண்டும் என்று அவரை அனுப்பிவிட்டார். காசிலுக்கு அப்போது 65 வயது. கலகனுக்கு 64.