போன்சாய் பட்டினியால் குட்டையாவதில்லை

தொட்டியில் குட்டையாக வளர்க்கும் மரம்தான் போன்சாய். ‘போன்சாய்க்கு உரம் வேண்டாம், தண்ணீரையும் குறையுங்கள், பட்டினி கிடந்தால்தான் மரம் குட்டையாக இருக்கும்’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு. நுனிகளைக் கிள்ளுவதும் வேரை அளவாகக் கத்தரிப்பதும்தான் மரத்தைச் சிறிதாக வைக்கின்றன. தொட்டியில் மண் கொஞ்சம்தான், சத்து சீக்கிரம் கரைந்துவிடும். அதனால் வளரும் பருவத்தில் உரம் கட்டாயம்.

சரி, மண் மாற்றுவது எப்போது? மரத்தை மெல்லத் தூக்கிப் பாருங்கள். வேர்கள் தொட்டி ஓரத்தைச் சுற்றி வளையமாக நெருங்கியிருந்தால் மாற்றலாம். ஃபைகஸ் (ஆல், அரசு இனம்) போன்ற வெப்பமண்டல மரங்களுக்கு வெதுவெதுப்பான பருவமே நல்லது.

1625 முதல் போன்சாயாக வளர்க்கப்படும் பைன் மரம் ஒன்று வாஷிங்டன் தேசிய போன்சாய் அருங்காட்சியகத்தில் இன்றும் பசுமையாக நிற்கிறது. அவர்கள் இணையதளத்திலேயே பார்க்கலாம். பட்டினி போட்ட மரம் அத்தனை காலம் தாங்காது. தயவுசெய்து அந்தச் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள்.