அந்த 27 வெற்றிகள் என்ன ஆயின?

கொரோனாவால் நின்ற 2019-20 இங்கிலாந்து கால்பந்து சீசனைப் பற்றிய கட்டுரையில் பிரீமியர் லீக் மட்டும்தான் பேசப்பட்டிருக்கிறது. எனக்கு இன்னும் ஆறாதது கீழ்ப் பிரிவுகளுக்கு நடந்ததுதான். ஜெர்சி புல்ஸ் என்று ஒரு தீவு அணி, பிரீமியர் லீக்கை முதல் அடுக்காக எண்ணினால் பத்தாம் அடுக்கில் அவர்களுக்கு அது முதல் சீசன். லீக்கில் 27 ஆட்டம், 27 வெற்றி. தீவுக்கு வரும் எதிரணியின் பயணச் செலவையும் அவர்களே ஏற்றார்கள். 2020 மார்ச்சில் ஏழாம் அடுக்கிலிருந்து கீழே எல்லா முடிவுகளும் செல்லாது என்று இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் அறிவித்துவிட்டது. ஏழாம் அடுக்கில் 12 புள்ளி முன்னிலையில் இருந்த சவுத் ஷீல்ட்ஸ் அணிக்கும் அதே கதி. அவர்களுக்கு மேலே, ஐந்து, ஆறாம் அடுக்குகளான நேஷனல் லீக்கிலோ ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று சராசரி போட்டு முடிவு செய்தார்கள். இது என்ன நியாயம்?

இந்த மைதானங்களில் கம்பியைப் பிடித்து நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். செவ்வாய் இரவு, பகலெல்லாம் குழாய் வேலை பார்த்தவர் பூட்ஸ் சேற்றைச் சுவரில் தட்டிவிட்டு ஆட இறங்குவார். கிடைக்கும் பணம் பெட்ரோலுக்குக் காணும், அவ்வளவுதான். அவருக்கு அந்தப் புள்ளிப் பட்டியல்தான் கூலி.

அப்புறம் 2021-இல் அந்த அழித்த சீசன், அதற்கு அடுத்த சீசன் இரண்டின் கணக்கையும் சேர்த்துத்தான் புல்ஸை மேல் பிரிவுக்கு ஏற்றினார்கள். அப்படியென்றால் முதலில் ஏன் அழித்தார்கள்?